ஹாம்பர்க்கில் மூன்று இரவுகள்: எங்கே உண்பது, எங்கே உலவுவது

வியாழக்கிழமை மாலை ஜெர்மனியின் துறைமுக நகரான ஹாம்பர்க் சேர்ந்து ஞாயிறு நண்பகலில் திரும்பவிருக்கிறீர்கள். அலுவல் முடிந்தபின் கிடைக்கும் மூன்று இரவுகளில் எங்கே உண்பது, எங்கே போவது, இரவுக் கேளிக்கைகளுக்குப் பேர்போன ரீப்பர்பான் தெருப் பக்கம் போவது தகுமா, அது பாதுகாப்பான இடமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மீன் உண்பீர்கள், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தொடமாட்டீர்கள், உடன் வரும் நண்பர் முட்டைகூடச் சேர்க்காத சைவர் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அந்நகரில் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உணவகங்களின் முகவரி எங்கும் கிடைக்கும். ஆனால் அந்த ஊரின் மாலையும் இரவும் எந்த ஒழுங்கில் நடக்கின்றன என்பது தெரியாவிட்டால், நல்ல முகவரி கையில் இருந்தும் மூடிய கதவின் முன் நிற்க நேரும்.

ஹாம்பர்க் கடலோரத்தில் இல்லை. வட கடலிலிருந்து எல்பே ஆற்றின் வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்த பிறகுதான் இத்துறைமுகம் வருகிறது. ஆயினும் கடலின் ஏற்றவற்றம் இங்கு வரை எட்டுவதால், லாண்டுங்ஸ்ப்ரூக்கென் எனப்படும் படகுத்துறை மிதவைகளின் மேல் அமைக்கப்பட்டு, நீரோடு சேர்ந்து உயர்ந்து தாழ்கிறது. இந்த ஊரின் உணவும் இரவும் இந்த ஆற்றங்கரையில் பிறந்தவை. கப்பலிலிருந்து இறங்கியவன், கப்பலுக்குச் சரக்கு ஏற்றியவன், விடியுமுன் மீன் விற்கவந்தவன் ஆகிய மூவரின் பசியும் ஓய்வும்தான் இங்குள்ள உணவையும் நேரத்தையும் வகுத்தன. அதனால் மூன்று இரவுகளையும் ஆற்றை ஒட்டியே கழியுங்கள் என்பதே என் முதன்மையான பரிந்துரை.

நேரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் உணவகங்களில் கூட்டம் நிறையும். ஹாம்பர்க்கில் பெரும்பாலானோர் ஆறரை, ஏழு மணிக்கே இரவு உணவுக்கு அமர்ந்துவிடுவார்கள். ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில் பல சமையலறைகள் மூடப்படும். மதுக்கூடம் விடிய விடியத் திறந்திருக்கலாம், ஆனால் அங்கே சூடான உணவு கிடைக்காது. மறுபுறம் நடன அரங்குகள் நள்ளிரவுக்குப் பிறகே உயிர்பெறும்; பதினொரு மணிக்குப் போனால் வெறும் தளத்தைத்தான் பார்ப்பீர்கள். இந்த இடைவெளியை நிரப்புவது நடையும், இசை நிகழ்ச்சியும், ‘க்னைப்பெ’ எனப்படும் தெருமுனை மதுக்கூடங்களும். வெள்ளி, சனி இரவுகளுக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேண்டிய சிறு பொருள்களைச் சனிக்கிழமையே வாங்கிவிடுவது நல்லது.

வியாழன் மாலை பயணக் களைப்பு இருக்கும். அன்று அலையாமல் லாண்டுங்ஸ்ப்ரூக்கெனுக்குப் போங்கள். இந்நகரின் மிக எளிய, மிகச் சிறந்த உணவான ‘ஃபிஷ்ப்ரோட்சென்’ அங்கே கிடைக்கும்: மொறுமொறுப்பான சிறு ரொட்டியைப் பிளந்து, வெங்காய வளையங்களோடு மீன் வைத்துத் தருவது. ‘பிஸ்மார்க்’ என்று கேட்டால் காடியில் ஊறிய ஹெர்ரிங் மீன். ‘மட்யெஸ்’ என்றால் முட்டையிடும் பருவத்துக்கு முன் பிடித்து உப்பில் பக்குவப்படுத்திய, வெண்ணெய்போல் மென்மையான இளம் ஹெர்ரிங். ஹெர்ரிங் நம் மத்திக்கு நெருங்கிய உறவான மீன்தான். ஆனால் சமைக்காத மீனைக் கண்டு முதல் நாளே தயங்கினால், மாவில் தோய்த்துப் பொரித்த ‘பக்ஃபிஷ்’ கேளுங்கள், யாருக்கும் பிடிக்கும். கையில் ரொட்டியோடு நிற்கும்போது தலைக்குமேல் வட்டமிடும் கடற்காக்கைகளை மறக்க வேண்டாம். அவை கையிலிருந்தே பறித்துச் செல்லக்கூடியவை.

அங்கிருந்து 62ஆம் எண் படகில் ஏறுங்கள். இது சுற்றுலாப் படகு அன்று. நகரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் எடுக்கும் அதே பயணச்சீட்டில் செல்லும் பொதுப் போக்குவரத்து. மேல்தளத்தில் நின்றால் ஒரு கரையில் பளுதூக்கிகளும் சரக்குப் பெட்டகங்களும், மறுகரையில் மீன்சந்தைக் கூடமும் மேட்டுக் குடியிருப்புகளும் கடந்துபோகும். நொய்முஹ்லென் துறையில் இறங்கி மேற்கே நடந்தால் எவல்கென என்ற ஆற்றங்கரை மணல் வரும். அங்கே மணலில் நாற்காலி போட்டு பானம் தருகிற கடையில் அமர்ந்து, உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல்கள் மிக அருகே மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். கோடையில் சூரியன் மறையவே பத்து மணி நெருங்கும். பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ விருந்தினரை நான் அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். ஒருவரும் ஒன்பது மணிக்கு முன் எழுந்ததில்லை. ஆனால் இரவு உணவு வேண்டுமென்றால் அதற்குமுன் எழுந்தாக வேண்டும்.

உணவுக்கு மீண்டும் லாண்டுங்ஸ்ப்ரூக்கென் வந்து, அதன் பின்னாலுள்ள டிட்மார் கோயல் தெருவுக்குள் நுழையுங்கள். 1964இல் மேற்கு ஜெர்மனி போர்ச்சுகலோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு துறைமுக வேலைக்கு வந்தவர்கள் இப்பகுதியில் குடியேறினார்கள். அவர்கள் தொடங்கிய உணவகங்களால் அது இன்று போர்ச்சுகீசியர் குடியிருப்பு என்றே அழைக்கப்படுகிறது. உப்பிட்டு உலர்த்திய காட் மீனில் செய்யும் பக்கல்யாவ், பூண்டு எண்ணெயில் வதக்கிய இறால், கல்லுப்புத் தூவித் தணலில் சுட்ட முழு மத்தி ஆகியவை நம் நாவுக்கு அந்நியமாகத் தோன்றமாட்டா. நான் அறிந்தவரை, ஜெர்மன் உணவு பழகாத தமிழர்க்கு முதல் இரவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அதே தெருவில் நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டு மாலுமிகளுக்கான தேவாலயங்கள் வரிசையாக நிற்பதையும் கவனியுங்கள்.

வெள்ளியன்று ஹாம்பர்க்கின் சொந்தச் சமையலை உண்ணலாம். அதில் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் உண்டு. ‘லாப்ஸ்கவுஸ்’ இந்நகரின் அடையாள உணவு: உப்பிட்ட மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டோடு மசித்து, மேலே பொரித்த முட்டையும், பக்கத்தில் ஊறிய வெள்ளரியும் சுருட்டிய ஹெர்ரிங்கும் வைப்பார்கள். நெடும்பயணத்தில் கெடாத பொருள்கள் எவையோ அவற்றைக்கொண்டு செய்த கப்பல் உணவு இது. பல் கெட்டுப்போன மாலுமியும் உண்ண ஏதுவாக மசிக்கப்பட்டது என்பார்கள். இதே உணவின் ஆங்கில வடிவத்தின் பெயராலேயே லிவர்பூல் மக்களுக்கு இன்றும் செல்லப்பெயர் வழங்குகிறது. நீங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், கேட்க வேண்டாம். ஃபின்கன்வெர்டர் ஷோலெ என்பது வாணலியில் முறுகலாகப் பொரித்த தட்டை மீன். அதன் மேல் பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவுவதே மரபு. விலாங்கு சூப்பும் மரபுப்படி பன்றித்தொடை எலும்பின் சாற்றில்தான் கொதிக்கும். உருளைக்கிழங்கு வறுவல்கூடப் பல இடங்களில் பன்றிக்கொழுப்போடு வருகிறது. ஆகவே ‘ஓனெ ஷ்பெக்’, அதாவது பன்றிக்கொழுப்பு இல்லாமல், என்ற இரு சொற்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

உங்களுக்கு ஏற்றது ‘பான்ஃபிஷ்’. பொரித்த மீன் துண்டுகளைக் கடுகுக் குழம்போடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் தருவார்கள். முன்பு மிச்சமான மீனைத் தீர்ப்பதற்காகச் செய்த ஏழையின் உணவு, இன்று நல்ல உணவகங்களின் பெருமைக்குரிய தட்டாகிவிட்டது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ சென்றால் ‘ஸ்டின்ட்’ கிடைக்கிறதா என்று கேளுங்கள். எல்பேயில் முட்டையிட ஏறிவரும் இந்த விரலளவு மீனுக்குப் பச்சையாக இருக்கும்போது வெள்ளரி மணம் வீசும். கோதுமைக்கு உறவான ரை தானிய மாவில் புரட்டிப் பொரித்து, நெத்திலி வறுவலைப்போல் முள்ளோடு உண்ணலாம். ஆற்றை ஆழப்படுத்தியதும் நீரில் வண்டல் பெருகியதும் அதன் வரத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி. ஊருக்கே உரிய ஒரு பருவ உணவு மெல்ல அரிதாகி வருகிறது.

சைவ நண்பருக்கு உணவு கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். ஆனால் சொல்லைத் தெளிவாகப் பயன்படுத்த வேண்டும். ஜெர்மனியில் ‘வெகெட்டாரிஷ்’ என்ற சொல்லுக்குள் முட்டை அடங்கும். முட்டை கூடாதென்றால் ‘வீகன்’ என்று எழுதியிருப்பதைத் தேர்வதே எளிது; அதில் பாலும் இருக்காது. ஷான்சன்ஃபியர்டெல் பகுதியில் இத்தகைய உணவகங்கள் ஏராளம். தலைமை ரயில் நிலையத்துக்கு அருகில் சாங்க்ட் கியோர்க் பகுதியின் ஷ்டைன்டாம் சாலையில் துருக்கிய, அரபு, ஆப்கானியக் கடைகள் நெருங்கி நிற்கின்றன: துவரம்பருப்பை நினைவூட்டும் பருப்புச் சூப், கொண்டைக்கடலை வடை போன்ற ஃபலாஃபெல், உருளைக்கிழங்கும் கீரையும் திணித்த ஆப்கானிய போலானி. ஐரோப்பாவில் ஆப்கானியர் மிகுதியாக வாழும் நகரங்களுள் ஹாம்பர்க் ஒன்று. அவர்களுடைய கத்தரிக்காய்ப் பிரட்டல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், மேலே ஊற்றும் தயிர் உங்கள் நண்பருக்கு உவப்பாகவே இருக்கும்.

பணம் செலுத்தும் முறை சிறிது வேறுபடும். மேசையிலேயே கணக்கு முடிப்பார்கள். சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார்கள். அன்பளிப்பை மேசையில் விட்டுச் செல்லாமல், கொடுக்க விரும்பும் மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும். ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை கூட்டிச் சொல்வது வழக்கம். குடிநீர் தானாக வராது, விலைக்கு வாங்கும் புட்டிநீர்தான் வரும். சிறிய மதுக்கூடங்களில் அட்டை ஏற்கப்படாமல் போகலாம் என்பதால் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். நாளின் எந்த நேரத்திலும் ‘மொயின்’ என்று ஒரே சொல்லால் வணக்கம் சொல்லலாம். இரவு பதினோரு மணிக்கும் அது பொருந்தும்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட ரீப்பர்பானுக்கு வருகிறேன். ‘ரீப்’ என்றால் கப்பல் கயிறு; ‘பான்’ என்றால் தடம். பாய்மரக் கப்பல்களுக்கான நீண்ட கயிறுகளை முறுக்குவதற்கு நேர்கோட்டில் நீளமான வெளி தேவைப்பட்டது. நகர மதிலுக்கு வெளியே அதற்கென ஒதுக்கிய தடமே இன்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள இத்தெரு. மதிலுக்கு வெளியே என்பது இங்கே முக்கியம். ஹாம்பர்க்கின் வாயில்கள் இரவில் அடைக்கப்பட்டன. அதன்பின் உள்ளே வரக் கட்டணம் கொடுக்க வேண்டும். இந்த வழக்கம் 1860ஆம் ஆண்டு முடியும்வரை நீடித்தது. நகருக்குள் இடம் மறுக்கப்பட்ட தொழில்களும், வித்தைக்காரர் கொட்டகைகளும், கப்பற்காரர் விடுதிகளும் வாயிலுக்கு வெளியே சாங்க்ட் பவுலி என்ற பகுதியில் சேர்ந்தன. தெருவின் மேற்கு முனையில் அல்டோனா தொடங்கியது. அது 1640 முதல் 1864 வரை டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த வேறு ஊர். அங்கே தொழிற்குழுக்களில் சேராதவரும் தொழில் செய்யலாம், லுத்தரன் அல்லாதவரும் வழிபடலாம். ‘குரோஸ ஃப்ரைஹைட்’, அதாவது பெருஞ்சுதந்திரம், என்ற தெருப்பெயர் அந்த உரிமையைக் குறித்தது. விளக்குப் பலகைகளுக்கு நடுவே அத்தெருவில் பதினெட்டாம் நூற்றாண்டின் புனித யோசேப்பு கத்தோலிக்கத் தேவாலயம் நிற்பதைக் காணும்போது இது விளங்கும்.

அதே குரோஸ ஃப்ரைஹைட் தெருவின் இன்ட்ரா என்ற சிறு அரங்கில்தான் 1960 ஆகஸ்ட் 17 அன்று பீட்டில்ஸ் குழுவினர் முதன்முதலாக ஹாம்பர்க்கில் வாசித்தார்கள். ஓர் இரவில் பல மணி நேரம், குடித்துவிட்டுக் கூச்சலிடும் மாலுமிகளுக்கு முன்னால் வாசித்தே அவர்கள் தேர்ந்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாததால் ஜார்ஜ் ஹாரிசன் அந்த ஆண்டு நவம்பரில் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1962இல் திறந்த ஸ்டார் கிளப்பில் அந்த ஆண்டின் கடைசி இரவில் வாசித்ததோடு அவர்களுடைய ஹாம்பர்க் காலம் முடிந்தது. இன்று தெருமுனையில் 2008இல் அமைத்த பீட்டில்ஸ் சதுக்கம் இருக்கிறது.

அங்கிருந்து சில அடிகளில் ஷ்முக் தெரு உண்டு. எல்லோரும் பீட்டில்ஸ் சதுக்கத்தில் படமெடுத்துத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் இங்கேயும் சற்று நில்லுங்கள். நீராவிக் கப்பல்களின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்ட சீன மாலுமிகள் சிலர் 1920களில் இங்கே குடியேறி உணவகங்களும் சலவைக்கடைகளும் நடன அரங்குகளும் நடத்தினார்கள். 1944 மே 13 அன்று நாஜி இரகசியக் காவல்துறை ஏறத்தாழ 130 பேரைக் கைது செய்தது. கட்டாய உழைப்பு முகாமில் குறைந்தது பதினேழு பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு மிஞ்சியவர்களுக்கு இழப்பீடு மறுக்கப்பட்டது. நினைவுப் பலகை ஒன்று உண்டு. இத்தெருக்களின் இரவு வாழ்க்கையை உருவாக்கியவர்களுள் இவர்களும் அடங்குவர் என்பதால்தான் இதை இங்கே எழுதினேன்.

பாதுகாப்புக்கு வருவோம். ரீப்பர்பானின் நடுவே டாவிட்வாஹெ என்ற செங்கல் காவல் நிலையம் இருக்கிறது. அதன் எல்லை ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, ஆகவே காவலர் எப்போதும் கண்ணில் படுவார்கள். 2007 முதல் ஆயுதத் தடையும், 2009 முதல் வார இறுதி இரவுகளில் தெருவில் கண்ணாடிப் புட்டித் தடையும் உள்ளன. குடும்பத்தினரும் முதியவர்களும் நாடகம் பார்க்க வருகிற தெரு அது. 1841இலேயே தோன்றிய சாங்க்ட் பவுலி நாடக அரங்கு காவல் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. பிரதான தெருவில் நடப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். வாசலில் நின்று கையைப் பற்றி அழைப்பவரின் பின்னால் எந்த விடுதிக்குள்ளும் போகாதீர்கள். நண்பர் ஒருவருக்காக நான் காவல் நிலையம்வரை சென்று பேச நேர்ந்தது, ஒரு புட்டிக்கு அவர்கள் கேட்ட தொகை அவருடைய ஒரு வாரச் சம்பளம். விலைப்பட்டியலைப் பார்க்காமல் எதையும் ஏற்காதீர்கள். ஆடிக்கொண்டே தோளில் கைபோடுகிற அந்நியரிடமிருந்து விலகுங்கள். பணப்பையை உருவும் பழைய உத்தி அது. பாலியல் தொழில் நடக்கும் தெருக்களில் கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள். அங்கே நிற்பவர்களும் தம் பிழைப்புக்காக நிற்கும் மனிதர்கள், காட்சிப்பொருள்கள் அல்லர்.

சனி இரவு எங்கே போவது? என் தேர்வு இசை. இத்தெருவின் கிழக்கு முனையில், நடனமிடுவதுபோல் சாய்ந்த இரட்டைக் கோபுரங்களின் அடியில், 2013இல் மீண்டும் திறந்த மோஜோ கிளப் நிலத்துக்குக் கீழே இருக்கிறது. நடைபாதையில் பதிந்த வட்டக் கதவு மேலெழுந்து வழி திறக்கும். ஜாஸ், சோல் இசையில் விருப்பமிருந்தால் அன்று என்ன நிகழ்ச்சி என்று பாருங்கள். செப்டம்பரில் செல்வதாக இருந்தால் 2006 முதல் நடக்கும் ரீப்பர்பான் இசைவிழாவின் நாள்களோடு உங்கள் பயணத்தைப் பொருத்திக்கொள்ளலாம். மது அருந்தாதவர்க்கும் இங்கே இடமுண்டு. எலுமிச்சைச் சோடா கேட்பவரை யாரும் வித்தியாசமாகப் பார்க்கமாட்டார்கள். சிறிய க்னைப்பெக்களில் புகைபிடிக்க அனுமதி இருக்கலாம் என்பதை மட்டும் முன்கூட்டியே அறிந்திருங்கள். வார இறுதியில் நகர ரயில்கள் இரவு முழுவதும் ஓடுவதால் திரும்புவதில் சிரமமில்லை.

அங்கே மாலுமிகளைத் தேடாதீர்கள். 1968இல் ஹாம்பர்க்குக்கு சரக்குப் பெட்டகங்களை மட்டுமே ஏற்றும் கப்பல் வரத் தொடங்கியதிலிருந்து, வாரக்கணக்கில் நின்ற கப்பல்கள் ஒருநாள் இருநாளில் புறப்பட்டுவிடுகின்றன; கரையிறங்கி ஒரு முழு இரவைக் கழிக்க மாலுமிக்கு நேரமே இல்லை. இன்று அவர்களுடைய மாலைப்பொழுது துறைமுகத்துக்குள் வால்டர்ஸ்ஹோஃப் பகுதியில் உள்ள டுக்டால்பென் மாலுமிகள் மன்றத்தில் கழிகிறது. 1986இல் தொடங்கிய அம்மன்றம் ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கிறது. சிற்றுந்தில் கப்பலடியிலிருந்தே அவர்களை அழைத்துவருகிறார்கள். வீட்டோடு பேச இணைய இணைப்பும், மேசைப்பந்தும், பல சமயத்தவரும் வழிபட ஓர் அறையும் அங்கே உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு இந்திய மாலுமிகளும் வருகிறார்கள்.

ஞாயிறு விடியலை உறங்கிக் கழிக்காதீர்கள். 1703 முதல் நடக்கும் அல்டோனா மீன்சந்தை கோடையில் ஐந்து மணிக்கும் குளிர்காலத்தில் ஏழு மணிக்கும் தொடங்கி ஒன்பதரைக்கு முடிந்துவிடும். மீன் கெடாமல் விற்கவும், தேவாலய வழிபாட்டுக்கு முன் முடிக்கவும் வகுத்த நேரம் அது. இரவெல்லாம் ஆடியவர்களும் அப்போதுதான் எழுந்து கூடையோடு வந்த முதியவர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். விலாங்கு விற்பவரும் பழக்கூடை விற்பவரும் வண்டிமேல் நின்று, நம் ஊர்ச் சந்தை ஏலக்காரர்போல், ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து விலையைக் கூவுவார்கள். 1896இல் கட்டிய இரும்பும் கண்ணாடியுமான ஏலக்கூடத்துக்குள் அதிகாலையிலேயே இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும். எட்டு மணிக்குமுன் போய்விடுங்கள். நண்பருக்குக் காப்பி வாங்கிக்கொடுங்கள், நீங்கள் ஒரு மட்யெஸ் ரொட்டி கேளுங்கள். முதல் நாள் தயங்கியிருந்தாலும் அந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தில், அது வேறு சுவையாக இருக்கும்.